பாடுகிறவளிடம் சான்றிதழ் கேட்கும் கூட்டம்

1

2018 ஜனவரி 7ஆம் தேதி ராஜபாளையத்தில் தினமணி நடத்திய ஒரு நிகழ்வில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 'தமிழை ஆண்டாள்' என்பது தலைப்பு. மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. பெரும்பகுதி ஆண்டாளின் தமிழைப் புகழ்வதுதான். நடுவில் ஓரிடத்தில், ஆண்டாள் திருவரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்த ஒரு தேவதாசி என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரும் கருத்தை எடுத்துச் சொன்னார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் அது சொல்லப்பட்டது. உண்மையில் சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்ட தொகுப்பில், கேரள வரலாற்றாசிரியர்கள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வேளுத்தாட்டும் பக்தி இயக்கம் பற்றி எழுதிய கட்டுரையில் வருவது அது.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஊர் கொதித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. கவிஞர் வருத்தம் தெரிவித்தார். அது போதாது, ஆண்டாள் சன்னதிக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்கணும் என்றார்கள். பத்திரிகை ஆசிரியர் வந்து கேட்டார். அதுவும் போதவில்லை. ஒரு அரசியல்வாதி மேடையில் கவிஞரின் நாக்குக்கு விலை வைத்தார். கவிஞரின் தாயை இழுத்து வசைகள் வந்தன. சோடா பாட்டில் வீச எங்களுக்கும் தெரியும் என்கிற அளவுக்குப் பேச்சு போனது.

அப்போது எழுதப்பட்டவை எல்லாம் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன: கருத்துச் சுதந்திரம் ஒரு பக்கம், மத உணர்வு இன்னொரு பக்கம். இந்த இரண்டு தரப்பும் எதிரெதிரே நின்றாலும் கையில் வைத்திருந்த கேள்வி ஒன்றுதான் என்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இப்படிப் பாடினவள் யார்? யாருடையவள்? இவளது உடம்பை எந்தக் கணக்கில் வரவு வைப்பது? ஒருவர் தேவதாசி என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். மற்றவர்கள் அதைக் கிழித்துவிட்டு 'தாயார், பூமாதேவியின் அவதாரம், கன்னி' என்று வேறு சீட்டு ஒட்டினார்கள். சீட்டே இல்லாமல் பாட்டு நிற்கக்கூடாதா என்று கேட்க ஆளில்லை.

ஒரு பாட்டுக்காரரின் பாலியலுக்குப் பெயர் சொல்லச் சொல்லி ஊர் நெருக்குவது என்பது நம் காலத்துப் பாப் நட்சத்திரங்களின் பிரச்சினை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம், நமக்கென்ன என்கிறோம். ராஜபாளையத்தில் நடந்ததும் அதேதான் என்பது என் வாதம். எட்டாம் நூற்றாண்டோ ஒன்பதாம் நூற்றாண்டோ, செத்துப்போன பிறகும் ஒரு பாடகியை விடவில்லை.

2

பாப் இசை உலகத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். அங்கே இந்தக் கேள்வி ஒளிவுமறைவில்லாமல் கேட்கப்படுகிறது.

போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரிக்கி மார்ட்டின் 1999இல் உலகத்தையே ஆடவைத்தவர். 2000 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்பரா வால்டர்ஸ் அவரைப் பேட்டி கண்டார். வதந்திகளுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடலாமே, நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்களேன் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அவர் நழுவினார். பத்து வருஷம் கழித்து, 2010இல், தான் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று தானாகவே எழுதி அறிவித்தார். அதே வருஷம் வால்டர்ஸும், அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொன்னார். 2021இல் ரிக்கி மார்ட்டின், அந்தப் பேட்டியின் அதிர்ச்சி இன்னும் தன்னை விட்டுப் போகவில்லை என்றார்.

ஜார்ஜ் மைக்கேல் விஷயத்தில் கேட்டது நிருபர்கூட இல்லை, போலீஸ். 1998 ஏப்ரலில் பெவர்லி ஹில்ஸில் ஒரு பொதுக் கழிப்பறையில் மாறுவேடத்தில் நின்ற காவலர் அவரைப் பிடித்தார். மூன்றாம் நாள் தொலைக்காட்சியில் உட்கார்ந்து தன் பாலியலை அவர் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அந்தச் சம்பவத்தையே கிண்டலடித்துப் பாட்டாக்கினார் என்பது அவருடைய தெம்பு.

மூன்றாவது உதாரணம் இன்னும் கிட்டத்தில் வருகிறது. கிட் கானர் பாடகரில்லை, நடிகர். ஆனால் சந்தை ஒன்றுதான். 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் ஆண் பெண் இருவர் மேலும் ஈர்ப்புள்ள பையனாக நடித்தவர். 2022 அக்டோபரில், பதினெட்டு வயதில், தானும் அப்படித்தான் என்று அறிவிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். தள்ளியவர்கள் பழமைவாதிகளில்லை, முற்போக்கான ரசிகர்கள். 'நீ எங்களில் ஒருவனில்லை, எங்கள் கதையைக் காட்டிக் காசு பார்க்கிறாய்' என்பது குற்றச்சாட்டு. நடித்த கதையின் சாரமே உங்களுக்குப் புரியவில்லை என்கிற அர்த்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அவர் போய்விட்டார்.

கேட்பவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: தொலைக்காட்சி, போலீஸ், ரசிகர். ஒருத்தருக்கு நிகழ்ச்சி ஓடணும், ஒருத்தருக்கு வழக்கு போடணும், ஒருத்தருக்குத் தன் ஆள்தானா என்று உறுதி வேணும். நோக்கம் வேறுவேறு. உட்காரவைக்கிற நாற்காலி ஒன்றுதான்.

மிஷல் ஃபூக்கோ 1976இல் வெளியான 'பாலியலின் வரலாறு' முதல் பாகத்தில் இந்த நாற்காலியைத்தான் விவரித்தார். நவீன சமூகம் பாலியலை வாய்பொத்தி அடக்கியது என்கிற பொதுநம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. பேசு, பேசு என்று அது நச்சரித்துக்கொண்டேயிருந்தது. பாதிரியாரிடம் தொடங்கிய பாவமன்னிப்புப் பேச்சு மருத்துவரிடமும் நீதிபதியிடமும் போய்ச் சேர்ந்தது. பேசப் பேச, பேசியவர் ஒரு 'வகை'யாகப் பதிவேட்டில் ஏறினார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. வாக்குமூலம் தருகிறவரிடம் அது இல்லை. கேட்டுக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருக்கிறவரிடம் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் முடிச்சு இருந்தது. இந்திப்பட இயக்குநர் கரண் ஜோஹர் 2017இல் வெளியான தன் வரலாற்றில், தன்னைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அந்தச் சொல்லைத் தான் சொல்லப்போவதில்லை, சொன்னால் சிறைக்குப் போகக்கூடிய நாட்டில் இருக்கிறேன் என்று எழுதினார். கோழை என்று அவரைத் திட்டிய தோழர்கள் உண்டு. 377ஆம் பிரிவின் அந்தப் பகுதியை உச்சநீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பர் 6இல்தான். சட்டம் 'சொன்னால் உள்ளே' என்கிறது. நண்பர்கள் 'சொன்னால்தான் உள்ளே' என்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன் என்ன செய்வான்?

3

திரும்ப ராஜபாளையத்துக்கு வருவோம். நம்மூரில் ஒட்டப்படுகிற சீட்டு வேறு ரகம். இங்கே நெடுங்காலமாகக் கேட்கப்பட்டது 'நீ ஆணை விரும்புகிறாயா பெண்ணை விரும்புகிறாயா' என்பதில்லை. 'நீ குலமகளா, பொதுமகளா' என்பதுதான். கேள்வியின் வேலை ஒன்றே: பாடும் உடம்பு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தாக வேண்டும்.

'தேவதாசி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்க் கல்வெட்டுகளில் அது அனேகமாக இல்லை. அங்கே இருப்பவை தேவரடியார், பதியிலார், தளிச்சேரிப் பெண்டுகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் ஊர்வாரியாக உள்ளன. சோழர் காலத்துக் கோயில் பெண்களைப் பற்றி லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் பலர் நிலமும் பொன்னும் கொடை கொடுத்தவர்கள் என்று காட்டுகிறது. ஆட்டக்காரி, தாசி, விலைமகள் என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது காலனிய நீதிமன்றமும் அதன் பின்வந்த சீர்திருத்த மொழியும்தான்.

ஆகவே 2018இல் ஒரு தரப்பு வீசியதும் மறுதரப்பு பதறியதும் ஒரே நவீனச் சொல்லைக் கண்டுதான். அது அந்தக் காலத்தில் உயர்ந்த பொருளில் வழங்கியது என்று கவிஞர் தரப்பில் விளக்கம் வந்தது. எதிர்த்தரப்பு கோபத்தில் பேசியதைக் கேட்டால், அந்தச் சொல்லைவிடக் கேவலம் உலகத்தில் இல்லை என்று தோன்றும். அந்த மரபில் வந்த குடும்பங்கள் இன்றும் இந்த மண்ணில் இருக்கின்றன. தங்கள் பாட்டிகளின் பெயர் நாடறிய வசவாகப் புழங்கியபோது அவர்களுக்கு எப்படியிருந்தது என்று யாரும் போய்க் கேட்கவில்லை. ஆண்டாளின் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஆயிரம் பெண்களின் மானத்தை ஏலம் விட்டார்கள்.

அப்படியானால் ஆண்டாள் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள்? பதிகங்களின் கடைசியில் முத்திரை வைக்கிறாள்: வில்லிபுத்தூர், விட்டுசித்தன், கோதை. ஊர், தகப்பன், பெயர். அவ்வளவுதான் அவள் தந்த விலாசம். மற்றபடி நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலும் கேள்வி கேட்கிற இடத்தில் நிற்பவள் அவள்தான். காமனிடம் பேரம் பேசுகிறாள். குயிலை ஏவுகிறாள். மேகத்திடம் தூது சொல்கிறாள். பெருமாளின் வாய் எப்படி இருக்கும், உனக்குத்தானே தெரியும் என்று சங்கிடமே விசாரிக்கிறாள். அவள் உலகத்தை விசாரிக்கிறாள். நாமோ இடத்தை மாற்றிவிட்டோம்: கேட்டவளைக் கூண்டில் ஏற்றி, நீ யாரென்று சொல் என்கிறோம். பெயர் கேட்டு நெருக்குவதன் முதல் விளைவு இதுதான். பாட்டில் வினைசெய்யும் குரலாக இருப்பவர், பாட்டுக்கு வெளியே பதில் சொல்ல வேண்டிய உடம்பாக ஆகிவிடுகிறார்.

4

இந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்மாழ்வார் பெண்குரலில் பாடினார். அந்தக் குரலுக்குப் பராங்குச நாயகி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். திருமங்கையாழ்வார் பரகால நாயகி. தமிழ் மரபில் மடலேறுவது ஆணுக்குரியது. பெண் மடலேறுவதில்லை என்று இலக்கணம். திருமங்கையோ பெண்ணாக நின்று மடலூர்வேன் என்று இரண்டு மடல்கள் பாடினார். ஓர் ஆண், ஆண் தெய்வத்தை, பெண்ணாக நின்று காமுறுகிறார். இதற்காக இவர்களது பாலியல் என்ன என்று எந்தக் கூட்டத்திலாவது தீர்மானம் போட்டதுண்டா? உண்ணாவிரதம் உண்டா? இல்லை. உரைகாரர்கள் அழகாக ஒரு சொல் கண்டுபிடித்தார்கள்: நாயகி பாவம். பாவம் என்றால் ஒரு நிலை, ஏற்றுக்கொண்ட குரல். அது கவியின் கலை என்று விட்டுவிட்டார்கள்.

ஆண்டாளுக்கு அந்தச் சலுகை இல்லை. வைணவ உரை மரபில் புழங்கும் ஓர் உவமை: மற்ற ஆழ்வார்களுடையது மேட்டுமடை, ஆண்டாளுடையது பள்ளமடை. ஆண்கள் பெண்ணாக நின்று பாடுவது மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவது மாதிரி; அவளுக்கோ தண்ணீர் தானாகப் பள்ளத்தில் பாய்கிறது. புகழ்ச்சிதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் அடியில் இருப்பது என்ன? ஆண் பாடினால் கலை, பெண் பாடினால் இயற்கை. ஆணுடையது பாவனை, பெண்ணுடையது வாக்குமூலம். வாக்குமூலம் என்று ஆனபிறகு அதை வைத்து விசாரணை நடத்துவது எளிது. திருப்பாவையை மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் போடுகிறோம். நாச்சியார் திருமொழியில் வாரணமாயிரத்தைக் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டோம். மிச்சத்தை அடக்கியே வாசிக்கிறோம். ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஒரு பெண் கவிஞரைப் பேட்டி காணும் நம் சிறுபத்திரிகைகள் செய்ததும் வேறல்ல. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்தபோது எழுந்த கூச்சல் ஞாபகமிருக்கும். கூச்சல் போட்டவர்களை விட்டுவிடுவோம். ஆதரவாகப் பேச வந்த நண்பர்கள்கூடப் பெண்கவிகளிடம் 'இது சொந்த அனுபவமா' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண் கவி வேசியைப் பற்றி எழுதினால் படிமம் என்போம். பெண் எழுதினால் விலாசம் கேட்போம்.

5

இந்த மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் சாலையிலேயே தெற்கே போனால் செங்கோட்டை. எஸ்.ஜி. கிட்டப்பாவின் ஊர். அவரும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் அன்றைய நாடக மேடையின் உச்ச நட்சத்திரங்கள். இன்றைய பாப் பாடகர்களுக்கு இருக்கும் மோகம் அத்தனையும் அவர்களுக்கு இருந்தது. கிட்டப்பா 1933இல் இறந்தார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார், ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று ஒதுங்கினார். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக, ஓர் ஆணாகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம். பெண் ஆண்வேஷம் போட்டதை அன்றைய ஜனங்கள் கேள்வி கேட்கவில்லை. ஏனென்றால் கேட்கவேண்டிய கேள்விக்கு வெள்ளைப் புடவை பதில் சொல்லிவிட்டது. அது அவருடைய சொந்தத் துக்கம், அதை நான் அளக்கப்போவதில்லை. ஆனால் தனியாக வாழ்கிற ஒரு பாடகிக்கு ஊர் கொடுத்த அனுமதிச் சீட்டாகவும் அந்தப் புடவை ஆனது.

எம்.எஸ். சுப்புலட்சுமியும் அப்படித்தான். 1916இல் மதுரையில், வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக, தேவதாசி மரபில் பிறந்தவர். 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். 1945இல் 'மீரா'. மீராவும் கண்ணன் மேல் காமுற்றுப் பாடியவள்தான். ஆனால் அதைப் பாடும் எம்.எஸ்., 1940இல் சதாசிவத்தைக் கல்யாணம் செய்து, பட்டுப்புடவையும் மூக்குத்தியுமாக, நாடே கும்பிடும் இல்லத்தரசியாக ஆகியிருந்தார். குரல் ஏற்கப்படுவதற்கு உடம்பு ஒரு சீட்டைச் சுமக்க வேண்டியிருந்தது. அவருடைய பிறப்பு மரபை விரிவாகப் பேசிய டி.ஜே.எஸ். ஜார்ஜின் வாழ்க்கை வரலாறு 2004இல்தான் வந்தது. பேசியபோது முகம் சுளித்தவர்கள் நிறைய.

இதற்கு எதிர்முனையில் ஒன்று. அதே 2018 அக்டோபரில் பாடகி சின்மயி, வைரமுத்து மீது பாலியல் குற்றச்சாட்டு வைத்தார். கவிஞர் மறுத்தார். தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. நான் கவனிப்பது ஊரின் குரலை. சொல்லாத பாடகியிடம் சொல், சொல் என்று நெருக்குகிற ஊர், தானாக வந்து சொல்கிற பாடகியிடம் 'அப்பவே ஏன் சொல்லல, உன் கல்யாணத்துக்கு ஏன் கூப்பிட்ட' என்று கேட்டது. அடுத்த மாதம் டப்பிங் சங்கம் சந்தா பாக்கி என்று காரணம் சொல்லி அவரை நீக்கியது. ஆக, பேச வேண்டும் என்பதல்ல ஊரின் விருப்பம். ஊர் கேட்கும்போது, ஊர் கேட்டதை மட்டும் பேச வேண்டும்.

6

தோழர்கள் இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுப்புவார்கள். பெயரே வேண்டாம் என்கிறீர்களா? பெயரில்லாமல் போராட்டம் ஏது? மறைந்திருப்பது வசதியுள்ளவர்களுக்குத்தானே சாத்தியம்? பிரபலம் ஒருத்தர் வாய்திறந்து சொன்னால் கிராமத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிற பையனுக்கோ பெண்ணுக்கோ தெம்பு வராதா?

வரும். மறுக்கவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தான் பிறந்த மரபின் பெயரைத் தயங்காமல் சொல்லி, அந்த முறையை ஒழிக்கப் போராடினார். 1936இல் நாவலே எழுதினார். 1947இல் சட்டம் வந்ததில் அவர் குரலுக்கும் பங்குண்டு. 2005இல் ரேவதியின் 'உணர்வும் உருவமும்', 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' என்று திருநங்கையர் தம் கதையைத் தாமே எழுதியபோது தமிழுக்கே புதுக் கண் கிடைத்தது. இவர்கள் ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். எப்போது, எந்தச் சபையில், எந்த உரிமைக்காக என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

எடுத்துக்கொள்ளும் பெயரும் பிடுங்கப்படும் பெயரும் எழுத்தில் ஒன்றாக இருக்கலாம். அரசியலில் வேறு. 2014இல் நால்சா வழக்கில் உச்சநீதிமன்றம் பாலினத்தை அவரவரே சொல்லிக்கொள்ளலாம் என்றது. 2019இல் வந்த சட்டம், அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கி வா என்றது. ஐந்தே வருஷத்தில் உரிமை மனுவாகிவிட்டது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடுக்க உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நல்ல காரியம். வசவுக்குப் பதில் சொல் கிடைத்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் நீ எது, டிக் அடி' என்று ஒரு நடிகையையோ பாடகரையோ நாம் கேட்க ஆரம்பித்தால், அது மரியாதையான சொற்களில் நடத்தும் பழைய விசாரணை.

கிராமத்துப் பையனுக்குத் தெம்பு வேண்டும் என்றால் அதற்கு நாம் செய்ய வேண்டியது நிறைய: பள்ளிக்கூடத்தில், வீட்டில், காவல் நிலையத்தில், சங்கத்தில். அந்தப் பாரத்தை ஒரு பாட்டுக்காரரின் முதுகில் ஏற்றிவிட்டு அவர் சொல்லட்டும் என்று காத்திருப்பது போராட்டமல்ல, சோம்பேறித்தனம்.

7

நம்ம பக்கம் ஜனங்கள் பாட்டுக் கேட்கிற விதத்திலிருந்து விமர்சகர்கள் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில், சின்ன மலைதான், புரட்டாசி சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைப் பார்க்கக் கூட்டம் ஏறும். மாரியம்மன் கொடையென்றால் எந்த ஊரிலும் எல்.ஆர். ஈஸ்வரி குரல்தான். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டென்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அதே தொண்டை, அதே இழுப்பு, அம்மனுக்கும். ரெண்டையும் ஒரே சனம்தான் கேட்டது. எது உண்மையான ஈஸ்வரி, இவர் எந்தக் கணக்கு என்று பந்தலில் யாரும் கேட்டதில்லை. பாட்டுக்குச் சாமி வந்து ஆடினார்கள். அந்தக் குரல் ஒரு வாக்குமூலம் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

இந்தச் சனங்கள் எல்லாவற்றிலும் தாராளமானவர்கள் என்று சொல்லவரவில்லை. வீட்டுக்குள் மகளிடம் இதே சனங்கள் கேட்கிற கேள்விகள் கொடூரமானவை. ஆனால் பாட்டை ஒரு குரலாகக் கேட்கிற பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. படித்த நம்மிடம்தான் அது தேய்ந்துவிட்டது. நாம் பாட்டைக் கேட்காமல் பாடகரைப் படிக்கிறோம். நாச்சியார் திருமொழியின் யாப்பைப் பற்றி, அதன் கோபத்தைப் பற்றி, சங்கை விசாரிக்கிற அந்தப் பதிகத்தின் பொறாமையைப் பற்றி 2018இல் அந்த ஒரு மாதத்தில் எத்தனை கட்டுரை வந்தது? அவள் யாருடைய மகள், யாருடைய மனைவி என்றுதான் பக்கம் பக்கமாக எழுதினோம்.

விமர்சனம் எழுதுகிற, பேட்டி எடுக்கிற நண்பர்களுக்கு நடைமுறையில் ஒரு யோசனை. பாடுகிறவரோ எழுதுகிறவரோ தானாக ஒரு பெயரைச் சொன்னால், சொன்ன பெயரிலேயே கூப்பிடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். சொல்லாவிட்டால், அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். அந்த வரியில் ஏன் அந்தச் சொல், அந்த ராகம் எங்கிருந்து வந்தது, கூலி எவ்வளவு கொடுத்தார்கள். கேட்க வேண்டியது இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.